‘வயிறு சுத்தமாயிட்டு’

செல்வம்,

இங்கே வீட்டில் யாரும் சுகமாக இல்லை. நீ சுகமா என்று கேட்கவும் இன்றைக்கு எனக்கு நாக்கு எழவில்லை. "அவ என் பிள்ளைய வயித்துலயே அழிச்சிட்டாம்மா, இனிமே அவ அந்த வீட்டுல இருக்கக் கூடாது" என்று புனேயிலிருந்து நீ போனில் கத்தினாயே, அந்தச் சத்தம் இன்னும் இந்தச் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஸ்பீக்கரில் போட்டிருந்தது. உன் அப்பா கேட்டார், உன் அத்தை கேட்டாள், ஈஸ்வரி கேட்டாள், ஈஸ்வரியின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற உன் மகள் மதியும் கேட்டாள். நான் பெற்ற பிள்ளையின் வாயிலிருந்து, கட்டின பெண்டாட்டியைப் பார்த்து, ஒரு கேள்வி கூடக் கேட்காமல் இப்படி ஒரு சொல் வரும் என்று யாராவது முன்னால் வந்து சொல்லியிருந்தால் அவர்களைத் தெருமுனை வரை விரட்டிவிட்டு வந்திருப்பேன். உன்மேல் எனக்கு அவ்வளவு பெருமை.

அவள் மதியைக் கூட்டிக்கொண்டு புளியங்குடிக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நீ அவளுக்குப் போன் போடவில்லை. நான் உனக்குப் போட்டால், "அவளுக்குப் பரிஞ்சுக்கிட்டு வராதம்மா" என்று கட் பண்ணிவிடுகிறாய். கடிதத்தை அப்படிக் கட் பண்ண முடியாது. கிழிப்பதென்றாலும் நாலு வரி கண்ணில் பட்ட பிறகுதான் கிழிப்பாய். அதனால் எழுதுகிறேன். அஞ்சாங்கிளாஸோடு நின்ற கை. எழுத்து கோணினால் பொறுத்துக்கொள், கருத்து கோணாது. இதை உனக்கு மட்டும் எழுதவில்லை, நாலு பேர் படிக்கும்படிதான் எழுதப் போகிறேன் என்று ஈஸ்வரியிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டேன். "எழுதுங்க அத்த. பிள்ளையக் கலைச்சவன்னு ஊருக்கெல்லாம் தெரிஞ்சாச்சு. மலச்சிக்கல்காரின்னும் தெரிஞ்சிட்டுப் போட்டும்" என்றாள். ஆமாம், நீ படித்தது சரிதான். மலச்சிக்கல். அந்த மாத்திரை அதற்குத்தான். இதைத் தெரிந்துகொண்ட நேரத்திலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள்மேல் கோபம் போய்விட்டது. அந்த இடத்தில் நம் எல்லோரையும் நினைத்து ஒரு திகில் வந்து உட்கார்ந்துகொண்டது.

நடந்ததை முதலிலிருந்து கேள். குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் உன் அத்தை ஆலங்குளத்திலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு அருவியில் குளிக்க நம் வீட்டுக்கு வருவது வருஷா வருஷம் நடப்பதுதானே. இந்தத் தடவையும் வந்தாள். காலையில் பல் தேய்த்துக்கொண்டு பின்பக்கம் நின்றிருக்கிறாள். துணிக்கொடிப் பக்கம் ஈஸ்வரி அவள் அம்மாவிடம் போனில் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். "இன்னைக்கு வயிறு சுத்தமாயிட்டும்மா. மாத்திரை கேட்டிருக்கு. அவங்ககிட்ட மட்டும் சொல்லிராத." இவ்வளவுதான் உன் அத்தை காதில் விழுந்தது. விழுந்ததும் வாயைக் கொப்பளித்தாளோ இல்லையோ, நேரே உங்கள் அறைக்குள் போய், மதியின் புத்தகத்துக்குப் பின்னால் இருந்த மாத்திரை அட்டையையும் அதோடு இருந்த மருந்துக் குறிப்புத் தாளையும் போட்டோ பிடித்து, தன் ஊகத்தையும் சேர்த்து உனக்கு அனுப்பிவிட்டாள். அதன் பிறகு ஒன்றும் தெரியாதவள் மாதிரி தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு, "வாங்க மைனி, ஐந்தருவிக்குப் போவோம், கூட்டம் வாரதுக்குள்ள" என்று என்னையும் கிளப்பினாள்.

பெண்கள் பக்கம் தண்ணீர் அன்றைக்கு இடி மாதிரி விழுந்தது. அந்தச் சத்தத்தில் ரகசியம் சொல்லத் தோன்றியது பார் அவளுக்கு. என் காதோடு வாயை வைத்து என்னவோ சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை. "என்னத்தை?" என்றேன். "ஒம் மருமவ வயித்தைச் சுத்தம் பண்ணிட்டா!" "எதை?" "வயித்தை, மைனி, வயித்தை! கலைச்சிட்டா!" கடைசிச் சொல் வரும்போது பெண்கள் பக்கம் முழுவதும் எங்களைத் திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் குளித்த மலையாளத்துக்காரி கூட "எந்தா, எந்தா?" என்று கேட்டாள். தண்ணீர் என் தலையில் விழுந்துகொண்டுதான் இருந்தது. குளிர்ந்ததா சுட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

‘சுத்தம்’ என்ற அந்த ஒரு சொல்லில் நான் ஏன் அப்படி நின்றேன் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அச்சன்புதூரில் இருக்கிற உன் அக்காவுக்கு முதல் பிள்ளை தங்கவில்லை. அப்போது நீ படித்துக்கொண்டிருந்தாய், ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. வராந்தாவில் நானும் உன் அத்தானும் நிற்கும்போது ஒரு நர்ஸ் கதவைத் திறந்து, "வயித்தைச் சுத்தம் பண்ணியாச்சு, சாயங்காலம் கூட்டிட்டுப் போலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள்மேல் தப்பில்லை, அவளுக்கு அது தினமும் சொல்கிற சொல். நான் அந்தச் சொல்லைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதற்குப் பிறகு நம் வீட்டில் யாரும் வயிற்றோடு சேர்த்துச் ‘சுத்தம்’ என்று சொன்னதில்லை. நம் பக்கத்தில் அந்த இரண்டு சொல்லும் சேர்ந்தால் ஒரே அர்த்தம்தான். ஈஸ்வரி வாக்கப்பட்டு வந்தவள்; அந்தக் கதை அவளுக்குத் தெரியாது. அவளுக்கு வயிறு சுத்தமாவது என்றால் வயிறு சுத்தமாவது, அவ்வளவுதான்.

ஈரத் தலையோடு வீட்டுக்கு வந்தால் உன் போன். நீ கத்தி முடித்த பிறகு ஈஸ்வரி ஒரு வார்த்தை பேசவில்லை. அறைக்குள் போனாள், மதியின் பள்ளிக்கூடப் பையில் நாலு துணியை வைத்தாள், வந்தாள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "அத்த, அடுப்புல பருப்பு கெடக்கு, அடிப்பிடிச்சிராம பாத்துக்கிடுங்க" என்றாள். உன் அத்தை என்னைப் பார்த்து, "பாத்தியளா மைனி, மறுத்து ஒரு பேச்சு பேசுதாளா? குத்தமுள்ள நெஞ்சு!" என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. அந்தப் பருப்பை நான் தின்னவும் இல்லை, கொட்டவும் இல்லை. அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் நான் பஸ் ஏறியது சண்டைக்குத்தான். கடையநல்லூர் தாண்டும்வரை என்னென்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். சம்பந்தி வீடு உனக்குத் தெரியும். முன்னால் எலுமிச்சங்காய் கமிஷன் கடை, பின்னால் வீடு. சாக்குகளுக்கு நடுவில் நுழைந்து போனால் சம்பந்தியம்மா "வாங்க சம்மந்தி" என்றாள், முகத்தைப் பார்க்கவில்லை. ஈஸ்வரி கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் உட்காரக்கூட இல்லை.

"எட்டி ஈஸ்வரி, ஏங்கிட்ட நெசத்தைச் சொல்லு. அந்தப் பிள்ளைய என்ன செஞ்ச?"

"எந்தப் பிள்ளைய, அத்த?"

"வயித்துல இருந்த பிள்ளைய."

எழுந்து உட்கார்ந்தாள். "வயித்துல பிள்ளையா? எனக்கா? ரெண்டாவதுக்கு நாங்க இனிமேதான அத்த பாக்கணும்?"

"அப்பம் எதுக்குட்டி மாத்திரை போட்ட? சுத்தமாயிட்டுன்னு ஒங்கம்மைட்ட சொன்னேல்லா?"

என்னையே பார்த்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன், அவள் சிரித்தாள். "அத்த... அது கக்கூசுக்குப் போறதுக்குப் போட்ட மாத்திரை அத்த."

சம்பந்தியம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டாள். "ஏ ஆத்தா! இதுக்கா எம்மவள வெரட்டி விட்டிய? பீ போனதுக்கா?"

ஈஸ்வரி சிரித்தாள், சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருந்தவள் எந்த இடத்தில் அழுகைக்கு மாறினாள் என்று என்னால் சொல்ல முடியாது. நான் கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். "பொறவு ஏன்ட்டி அன்னைக்கே வாயத் தொறந்து சொல்லல?" என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்ன பதிலை நீ நின்று நிதானமாகப் படிக்க வேண்டும்.

"மாமா நின்னாவ. சின்ன அத்த நின்னாவ. மதி நின்னா. அவ்வளவு பேரு நடுவுல 'எனக்கு வெளிக்கி வராது, அதுக்குத்தான் மாத்திரை'ன்னு எப்படி அத்த சொல்லுவேன்? பிள்ளையக் கொன்னவன்னு பேரு வாங்குதது அதைவிட லேசா இருந்திச்சு."

செல்வம், நான் ஊரில் எவ்வளவோ கேட்டிருக்கிறேன். வெட்டுக்குத்துக் கதை கேட்டிருக்கிறேன், பெற்றவளைத் தெருவில் விட்ட கதை கேட்டிருக்கிறேன். இந்த ஒரு பேச்சுக்கு நடுங்கின மாதிரி எதற்கும் நடுங்கியதில்லை. கொலைப்பழியைவிட மலச்சிக்கலைச் சொல்வது வெட்கம் என்று ஒரு பெண் நினைக்கிற வீட்டை நான்தான் நடத்துகிறேன். நம் வீட்டை யாராவது குறை சொன்னால் பாய்கிறவள் நான். இதற்கு யார்மேல் பாய்வேன்?

எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். "கல்யாணமாயி வந்ததுல இருந்து" என்றாள். மதியே இரண்டாம் வகுப்புக்குப் போகிறாள். அவ்வளவு காலம் என் கையால் சோறு தின்ற பெண், தின்ற சோறு வெளியே போகாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் கண் முன்னால் நடந்திருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை. மோரில் ஒரு கல் உப்பு கூடினால் கண்டுபிடிக்கிறவள் என்று என்னைப் பற்றி நானே பீற்றிக்கொள்வேன்.

நம் தெருவிலேயே வீட்டுக்குள் கக்கூஸ் கட்டிய முதல் ஆள் நான். உனக்கு ஞாபகம் இருக்கும், மற்றவர்கள் எல்லாம் செம்பைத் தூக்கிக்கொண்டு குளத்தங்கரைக்கு நடந்த காலம். கொத்தனார் பின்னால் கட்டலாம் என்றார். நான்தான் ஹாலை ஒட்டிக் கட்டச் சொன்னேன். ராத்திரி இருட்டில் போக வேண்டாம் என்பது ஒரு காரணம். வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்பது இன்னொரு காரணம். டைல்ஸ் பதித்த அன்று பக்கத்து வீட்டுக்காரிகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்தக் கதவு அடியில் ஈரத்தில் அரித்துக் குட்டையாகிவிட்டது. மேலே காற்றுக்கு விட்ட ஓட்டை ஹால் பக்கம்தான் திறந்திருக்கிறது. கதவை ஒட்டி உன் அப்பாவின் நாற்காலி, எதிரில் டிவி. உள்ளே ஒருவர் மூச்சுவிட்டால் வெளியே செய்தி வாசிக்கிறவனைத் தாண்டிக் கேட்கும். நமக்கு அது பழகிவிட்டது. புதிதாக வந்த பெண்ணுக்கு?

டீச்சர் வேலை பார்க்கிற பெண். அவள் வந்த புதிதில் ஒருநாள் விருந்தாள் நிறைய இருந்தது. அவள் உள்ளே போய்க் கொஞ்சம் நேரமாகிவிட்டது. நீ ஹாலிலிருந்து சத்தமாக, "உள்ள என்ன ஸ்டாஃப் மீட்டிங்கா, டீச்சர்?" என்றாய். எல்லாரும் சிரித்தோம். உன் அப்பா இருமுகிற மாதிரிச் சிரித்தார், நான் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தேன். நீ மறந்திருப்பாய், நானும் மறந்துதான் போனேன். அவள் மறக்கவில்லை. அதன் பிறகு உள்ளே போனதும் குழாயைத் திறந்து வாளியில் தண்ணீரை விழவிடுவாளாம், சத்தம் தெரியாமல் இருக்க. அதற்கும் நான், "மோட்டார் தண்ணி என்ன குத்தாலத்துல இருந்தா வருது, இப்படித் தொறந்து விடுதா?" என்று கேட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு குழாயையும் திறப்பதில்லை, போவதும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் போகலாமே என்பாய். டீச்சர்களுக்கென்று அங்கே ஒன்றே ஒன்று இருக்கிறது, தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதற்கு வெட்கப்பட்டுக் காலையிலிருந்து மணி அடிக்கிற வரை பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டாளாம். வீட்டுக்கு வந்தால் ஹால் நிறைய ஆட்கள், சீரியல். "வரும்போது போவாம அடக்கி அடக்கி, பொறவு வாரதே நின்னுபோச்சு அத்த" என்றாள். மருந்துக் கடையில் தானாக ஒரு மாத்திரை கேட்டு வாங்கிப் போட்டுப் பார்த்திருக்கிறாள். அது வகுப்பில் பாடம் நடத்தும்போது வயிற்றை முறுக்கி, கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். நிறுத்தினால் பழையபடி கல். மூலம் வேறு எட்டிப் பார்த்துவிட்டது. நீ போன மாதம் லீவுக்கு வந்தபோது, "எப்பப் பாத்தாலும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காம்மா" என்று என்னிடம் குறைபட்டாயே. வயிறு கல்லாகக் கிடக்கிறவள் முகம் பிறகு எப்படி இருக்கும்?

சம்பந்தியம்மாதான் கடைசியில் வற்புறுத்தித் தென்காசியில் ஒரு வயிற்று டாக்டரம்மாவிடம் அனுப்பியிருக்கிறாள். அந்த டாக்டரம்மாவை மறுபடி பார்க்கிற நாள் வந்ததும் நானும் கூடப் போனேன். ஈஸ்வரி வேண்டாம் என்றாள். "நான் வாயத் தொறக்கல, மூலையில இருந்துக்கிடுதேன்" என்று சொல்லித்தான் போனேன். இருக்க முடிந்ததா? "அம்மா, இந்த மாத்திரைல பிள்ளை கலையுமா?" என்று நேராகவே கேட்டுவிட்டேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி ஈஸ்வரியைப் பார்த்தார்; அவள் சொல்லுங்கள் என்று தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகுதான் என்னிடம் பேசினார். "இது அதுக்கான மருந்தே இல்லம்மா. இவங்க பெருங்குடல் மெதுவா வேலை செய்யுது. மொதல்ல சாப்பாட்டை மாத்தினோம், தண்ணி குடிக்கச் சொன்னோம், தண்ணில கலக்குற பொடி குடுத்தோம். அது போதல. தைராய்டு, ரத்தம் எல்லாம் பாத்துட்டுத்தான் இந்த மாத்திரை. இது குடலைத் தூண்டி, உள்ள இருக்கிறதை முன்னால தள்ள வைக்கும். மாத்திரை எழுதுறதுக்கு முன்னால கர்ப்பம் இருக்கான்னும் பாத்தாச்சு. இல்ல" என்றார்.

கேட்டுக்கொண்டாயா? இல்லாத பிள்ளைக்காக இருக்கிறவளை விரட்டியிருக்கிறாய். அந்தத் தாளில் கர்ப்பிணிகளைப் பற்றி என்னவோ போட்டிருந்ததைப் பார்த்துத்தான் உனக்கு உறுதியாயிற்று என்று அன்றைக்குப் போனில் சொன்னாயே, அதையும் கேட்டேன். "கர்ப்பிணிகளுக்குக் குடுத்துப் போதுமான அளவு பாக்காத மருந்துக்கெல்லாம் அப்படித்தான் எச்சரிக்கை போடுவாங்க. பிள்ளைக்குப் பாக்குறதா இருந்தா முன்னாலயே வந்து சொல்லச் சொல்லிருக்கேன், மருந்தை மாத்தணும்" என்றார். அதைப் பேசத்தான், நீ அடுத்த லீவுக்கு வரும்போது உன்னிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். என்ஜினியர் படிப்புப் படித்த நீ ஒரு தாளில் ஒரு வரியைப் பார்த்தாய்; மேலே என்ன நோய்க்கு என்று எழுதியிருந்த வரியைப் பார்க்கவில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கிற நான்கூட ஒரு தாளை மேலேயிருந்துதான் படிப்பேன்.

இன்னொன்றும் டாக்டரம்மா சொன்னார். முதல் சில நாள் தலைவலி வரலாம், வயிறு கொஞ்சம் இளகலாம், பயப்பட வேண்டாம். ஆனால் ரத்தம் போனாலோ, உடம்பு இளைத்தாலோ, வலி பொறுக்க முடியாவிட்டாலோ அன்றைக்கே வர வேண்டும். கேட்டவர்களுக்கெல்லாம் இதைக் கொடுக்கக் கூடாது, அவரவர் உடம்பைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். கடைசியாக, "மாத்திரை பாதி வேலைதாம்மா செய்யும். வரும்போது அடக்காம, அவசரப்படாம போறதுக்கு ஒரு எடம் வேணும். வீட்டுல அந்த வசதி எப்படி?" என்று கேட்டார். நம் வீட்டு டைல்ஸைப் பற்றி ஊரெல்லாம் பேசின வாய் என்னுடையது. அந்த அறையில் அது திறக்கவில்லை. ஈஸ்வரிதான், "இருக்கு மேடம், நல்ல வசதிதான்" என்றாள். நம்மை விட்டுக்கொடுக்கவில்லை அவள். அந்த ஒரு பொய்யைக் கேட்டுத்தான் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

பஸ்ஸுக்கு நிற்கும்போது எனக்கு விளக்கெண்ணெய் ஞாபகம் வந்தது. பெரிய லீவு விட்டால் ஒருநாள் உங்களுக்குப் பேதிக்குக் கொடுப்பேன். நீ கட்டிலுக்கு அடியில் போய் ஒளிவாய், உன் அக்கா காலைப் பிடித்து இழுப்பாள், மூக்கைப் பிடித்து ஊற்றி, மேலே கருப்பட்டிக் காப்பி. அன்றைக்கு முழுவதும் தெருவே அதைத்தான் பேசும். "ஒம்மவனுக்கு எத்தனை தடவை போச்சு?" என்று எதிர்வீட்டுக்காரி அங்கிருந்தே கேட்பாள்; நான் இங்கிருந்து பெருமையாகப் பதில் சொல்வேன். ரசச் சோறு போட்டு, வயிற்றைத் தடவி, போனது நல்லது என்று உன்னைக் கொஞ்சினேன். பிள்ளைகளின் வயிறு தெருவுக்கே சொந்தம். மருமகள் வயிறு என்றால் மட்டும் நமக்கு ஒரே கேள்விதான், ‘ஏதும் விசேஷம் உண்டா?’ அது இல்லாத மற்ற நாளில் அவளுக்கு வயிறு இருப்பதே நமக்கு ஞாபகம் இருப்பதில்லை.

உன் அத்தையிடம் சொன்னேன். "நான் நல்லதுக்குத்தான சொன்னேன் மைனி, எங் காதுல விழுந்ததைத்தான சொன்னேன்" என்றாள். "காதுல விழுந்ததை மட்டும் சொல்லிருந்தா சரி. வாயில வெளைஞ்சதையும் சேத்துல்லா அனுப்பிட்ட" என்றேன். கோபித்துக்கொண்டு ஆலங்குளத்துக்குப் போய்விட்டாள். அடுத்த சாரலுக்கு வருவாள், அருவி அவளை விடாது. அவள் அந்நிய வீட்டுக்குப் போன பெண்; அவள் பேச்சை எடுப்பதும் விடுவதும் நம் கையில் இருந்தது. நீ எடுத்தாய். நானும் ஒருநாள் எடுத்துவைத்திருந்தேன். ஆனால் நான் பஸ் ஏறிப் போய்க் கேட்டேன், செல்வம். நீ கேட்கவே இல்லை.

உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பிட்டு எழுந்தவர் தன் நாற்காலியைத் தானே தூக்கினார். "இடுப்பு பிடிச்சிக்கிடும், வையுங்க" என்றேன். "நீ சும்மா இரு. நான் இனிமே முன் ரூம்புல இருந்து செய்தி பாக்கேன்" என்று கொண்டுபோய்ப் போட்டார். டிவியையும் கழற்றி அங்கே மாட்டச் சொல்லிவிட்டார். அவர் அப்படி ஒரு வேலையை யாரும் சொல்லாமல் செய்து நான் பார்த்ததில்லை. பின்னால் செம்பருத்திக்குப் பக்கத்தில் புதுக் கக்கூஸுக்குக் கொத்தனார் அஸ்திவார வானம் தோண்டிவிட்டார். சுவர் உயரமாக, காற்றோட்டம் தோட்டத்துப் பக்கம், கதவு தரையைத் தொடுகிற மாதிரி, உள்ளே நல்ல கனமான தாழ்ப்பாள். இதைப் பார்க்கத் தெருவில் யாரையும் கூப்பிட மாட்டேன். அது கட்டி முடிவதற்குள் அவள் வந்துவிட வேண்டும் என்பதுதான் எனக்கு. கட்டி முடித்தும் அவள் வராவிட்டால் அதை நான் தினமும் எப்படிப் பார்ப்பேன்?

வீட்டுக்கு வாட்டி என்று அவளைக் கூப்பிட்டுப் பார்த்தேன். "நீங்க கூப்பிட்டா வர மாட்டேன் அத்த. ஒங்களுக்காவ வந்தா, அவங்க சொன்னது அப்படியே நிக்கும்லா" என்றாள். அவள் சொல்வதுதான் நியாயம்.

அதனால் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பு. தென்காசியில் இறங்காதே, நேரே புளியங்குடிக்குப் போ. அவள் அம்மாவும் அப்பாவும் வீட்டில் இருக்கிற நேரமாகப் போ. நீ கத்தினதை நாலு பேர் கேட்டார்கள், நீ கேட்பதையும் நாலு பேர் கேட்கட்டும். மன்னிப்பு என்ற சொல்லுக்கு உன் நாக்கு வளையாது. நீ என் பிள்ளை, எனக்குத் தெரியும். ‘வயிறு எப்படி இருக்கு?’ என்று கேள். அவள் உன்னை ஏறிட்டுப் பார்த்து, ‘எந்த வயித்தைக் கேக்கிய?’ என்பாள். கட்டாயம் கேட்பாள். அப்போது நீ சுற்றி வளைக்காமல், அன்றைக்கு ஹாலில் ஸ்டாஃப் மீட்டிங் என்று சொன்ன அதே குரலில், ‘காலையில ஒழுங்கா வெளிக்கிப் போச்சா?’ என்று கேள். உனக்குக் காது வரை சூடேறும். சம்பந்தியம்மா கரண்டியோடு வந்து நிற்பாள். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும், நீ வாங்கிக்கொள்; அவள் இத்தனை வருஷம் வாங்கி வயிற்றில் வைத்திருந்தது அதுதான். அதற்குப் பிறகு அவள் மதியின் பையை எடுத்தால் நீ பெட்டியைத் தூக்கு. எடுக்காவிட்டால் அங்கேயே இருந்து இன்னொரு நாள் கேள்.

அவள் இல்லாமல் இங்கே வந்து மட்டும் பெல் அடிக்காதே. உன் அப்பா முன் ரூமிலிருந்து பதில் சொல்வார், அம்மா கக்கூஸில் இருக்கிறாள் என்று. நீ எவ்வளவு நேரம் நின்றாலும் அதையேதான் சொல்வார். உள்ளே மீட்டிங், செல்வம். முடிய நேரமாகும்.

உன் அம்மா